ஒரு நாள் வயதுக் கான்கிரீட்: வில்லோ ஐலண்ட் கோபுரச் சரிவு குறித்த நிகழ்வு ஆய்வு

1978 ஏப்ரல் 27, வியாழக்கிழமை காலை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஓஹையோ ஆற்றங்கரையிலுள்ள வில்லோ ஐலண்டில், பிளெசண்ட்ஸ் அனல்மின் நிலையத்துக்கான இரண்டாவது குளிர்விப்புக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. இடை சிறுத்த மாபெரும் குடுவையைப் போன்ற வடிவம். அன்று அதன் உயரம் 166 அடி. சுவரின் 28-ஆவது வட்டத்தை முந்தைய நாள் ஊற்றி முடித்திருந்தார்கள். 29-ஆவது வட்டத்துக்கான கான்கிரீட் மேலே ஏறத் தொடங்கியிருந்தது.

பத்து மணி கடந்த சில நிமிடங்களில், வாளியைத் தூக்கிக்கொண்டிருந்த கம்பிவடம் தொய்ந்தது. மேலே பொருத்தியிருந்த பாரம்தூக்கி உட்பக்கமாகச் சாய்ந்தது. அதைத் தாங்கியிருந்த 28-ஆவது வட்டம் அந்த இடத்தில் உடைந்தது. தையல் விட்ட துணி நூல் நூலாகப் பிரிந்துகொண்டே போவதைப் போல, உடைப்பு வட்டத்தைச் சுற்றி ஓடியது. சுவரைப் பற்றியிருந்த சாரமும் அதனுடன் விழுந்தது. சாரத்தில் இருந்த 51 பேரும் இறந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை.

அமெரிக்கக் கட்டுமான வரலாற்றின் மிக மோசமான விபத்து இதுதான். நிர்வாகம், மேற்பார்வை, பாதுகாப்பு விதிகள் என்று இதைப் பல கோணங்களில் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது அந்த வட்டத்துக்கு உள்ளே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்பதைப் பற்றி. அந்தக் கான்கிரீட் முந்தைய நாளே ஊற்றப்பட்டது. பார்வைக்குக் கல்லாகத்தான் இருந்தது. உள்ளே சிமெண்ட் துகள்கள் தண்ணீருடன் வினைபுரியும் வேலையைச் சற்று முன்புதான் தொடங்கியிருந்தன.

முதலில் அந்தக் கட்டுமான முறையைச் சொல்ல வேண்டும். உயரமான கட்டடங்களில் சாரம் வழக்கமாகத் தரையில் ஊன்றி நிற்கும். இங்கே சாரமும் அச்சுப் பலகைகளும் கோபுரச் சுவரிலேயே போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருந்தன. நாளுக்கு ஒரு வட்டம், ஒவ்வொன்றும் 5 அடி உயரம். ஒரு வட்டத்தை ஊற்றுவது, மறுநாள் பலகையைப் பிரித்து மேலே ஏற்றுவது, நேற்றைய சுவரில் அதைப் பொருத்துவது, அடுத்த வட்டத்தை ஊற்றுவது. இதே சுழற்சியில்தான் 28 வட்டங்கள் எழுந்தன. இந்த முறையில் இன்று மேலே நிற்கும் ஆட்கள், பலகைகள், பாரம்தூக்கி, ஏறிவரும் வாளி ஆகிய அனைத்தின் சுமையும் நேற்றைய கான்கிரீட்டை வந்து சேரும். அதன் பலம் என்ன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த வாளியை ஏற்றக் கூடாது.

அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு கேட்டுக்கொண்டதன் பேரில், தேசியத் தரநிலைகள் பணியகத்தின் பொறியாளர்கள் காரணத்தை ஆராய்ந்தார்கள். பாரம்தூக்கி அமைப்பையும் சாரத்தின் உறுப்புகளையும் சோதித்து, சரிவு அவற்றில் தொடங்கவில்லை என்று ஒதுக்கினார்கள். அவர்கள் வந்தடைந்த முடிவு இதுதான்: 28-ஆவது வட்டத்தின் கான்கிரீட் போதிய பலம் பெறுவதற்கு முன்பே கட்டுமானச் சுமை அதன்மேல் ஏற்றப்பட்டது. சரிந்த வேளையில் அதன் அமுக்க வலிமை சுமார் 1.5 மெகாபாஸ்கல் என்று மதிப்பிட்டார்கள். சாதாரணக் கட்டடத்தின் தூணுக்கே 28 நாளில் 20 மெகாபாஸ்கலும் அதற்கு மேலும் கேட்கிறோம். முந்தைய ஒரு நாளில் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இந்த வழக்கின் முழு வேதியியலும் அந்த 10 டிகிரிக்குள் அடங்கியிருக்கிறது.

காய்வதும் இறுகுவதும்

ஊற்றிய கான்கிரீட்டைப் பார்த்து "காய்ந்துவிட்டதா?" என்று கேட்கிறோம். பேச்சு வழக்கில் இதில் குற்றமில்லை. ஆனால் இந்தச் சொல் மனத்தில் பதிக்கும் படம் தவறானது. காய்வது என்றால் தண்ணீர் வெளியேறுவது. களிமண் அப்படித்தான் கெட்டிப்படுகிறது. மறுபடி நனைத்தால் குழைந்துவிடும். சிமெண்டில் நடப்பது நேர்மாறு. அங்கே தண்ணீர் வெளியேறுவதில்லை, கனிமத்துக்குள் புகுந்து அதன் பகுதியாகிவிடுகிறது. அதனால்தான் சிமெண்ட் தண்ணீருக்கு அடியிலும் இறுகுகிறது. வெயிலும் காற்றும் பட்டுத் தண்ணீர் பறந்துவிட்டால் வினை பாதியில் நின்றுபோகிறது. துளைகளுக்குள் சார்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், நீரேற்றம் எனப்படும் இந்த வினை ஏறக்குறைய ஓய்ந்துவிடும். ஊற்றிய தளத்தின்மேல் நாள்கணக்கில் தண்ணீர் கட்டி வைப்பது வினைக்கு வேண்டிய தண்ணீரைக் காப்பதற்காகத்தான்.

சிமெண்ட் ஒரே பொருளன்று. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சூளையில் சுமார் 1450 டிகிரி வரை சூடேற்றினால் கிடைக்கும் கருஞ்சாம்பல் உருண்டைகள்தான் கிளிங்கர். அதனுள் முக்கியமாக நான்கு கனிமங்கள் இருக்கின்றன. பெரும்பங்கு அலைட் எனப்படும் ட்ரைகால்சியம் சிலிகேட், பாதியிலிருந்து 70 சதவீதம் வரை. அடுத்தது பெலைட் எனப்படும் டைகால்சியம் சிலிகேட். பிறகு சிறு அளவில் அலுமினேட்டும், இரும்பு கலந்த பெரைட்டும். சாம்பல் நிறம் பெரைட் தருவது. இந்தக் கிளிங்கருடன் கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட்.

நான்கும் தண்ணீருடன் வினைபுரியும், ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில். மிக அவசரக்காரன் அலுமினேட். தனியாக விட்டால் தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் சூடு பறக்க இறுகி, கலவையைக் கையாள முடியாமல் செய்துவிடும். ஜிப்சம் சேர்ப்பது இதைத் தடுக்கத்தான். அதிலிருந்து கரையும் சல்பேட் அலுமினேட்டுடன் சேர்ந்து எட்ரிஞ்சைட் என்ற ஊசிப் படிகமாகிறது; அதன் ஒரு மூலக்கூறு வாய்ப்பாட்டுக்குள் 32 தண்ணீர் மூலக்கூறுகள் அடங்கும். சல்பேட் கரைசலில் இருக்கும்வரை அலுமினேட் அடங்கிக் கிடக்கிறது.

கோபுரத்தின் கதைக்கு இந்த அவசரக்காரன் முக்கியமில்லை, பெலைட்டும் இல்லை. பெலைட் 28 நாளில் தன் பங்கில் மூன்றில் ஒரு பகுதியைக்கூட முடிப்பதில்லை. முதல் நாளின் பலம் என்று ஒன்று இருந்தால் அது அலைட் கொடுத்தது. ஆகவே கேள்வி ஒன்றே: ஏப்ரல் 26-லிருந்து 27 காலை வரை அந்த வட்டத்தில் அலைட் எவ்வளவு தூரம் போயிருந்தது?

ஒரு துகளின் முதல் நாள்

சிமெண்டும் தண்ணீரும் 1-க்கு 0.5 என்ற எடை விகிதத்தில் கலந்த ஒரு பசையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிராம் சிமெண்டின் கன அளவு 0.32 மில்லிலிட்டர், அதனுடன் 0.5 மில்லிலிட்டர் தண்ணீர். அப்படியானால் பசையின் கன அளவில் 61 சதவீதம் தண்ணீர்தான். பத்து, இருபது மைக்ரான் அளவுள்ள துகள்கள் அதில் ஒன்றையொன்று தொடாமல் மிதக்கின்றன. பலம் வேண்டுமென்றால் இந்த இடைவெளிகளில் பாலம் எழ வேண்டும்.

தண்ணீர் பட்டவுடன் அலைட்டின் மேற்பரப்பு வேகமாகக் கரைகிறது. கால்சியமும் சிலிகேட்டும் கரைசலில் இறங்குகின்றன, காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவு 12.5-ஐத் தாண்டுகிறது. அடுத்து நடப்பதுதான் சிமெண்ட் வேதியியலில் அதிக வாதத்துக்கு உள்ளானது. தொடங்கிய வினை சில நிமிடங்களில் மந்தமாகி, இரண்டு மூன்று மணி நேரம் கிட்டத்தட்டச் செயலற்றுக் கிடக்கிறது. துகளின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்து தண்ணீரைத் தடுக்கிறது என்பது ஒரு கருத்து. கரைசலில் கால்சியம் பெருகப் பெருக அலைட் கரைவதற்கான உந்துதலே குறைந்துவிடுகிறது, படலம் எதுவும் தேவையில்லை என்பது மற்றொன்று. எனக்கு இரண்டாவது விளக்கம்தான் அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. எந்த விளக்கமாக இருந்தாலும், கான்கிரீட்டை லாரியில் ஏற்றி, தூக்கி, ஊற்றி, மட்டம் செய்ய நமக்குக் கிடைக்கும் அவகாசம் இந்தத் தூக்கம் தருவது.

பிறகு துகளின் மேல் மயிரிழை போன்ற முளைகள் எழுகின்றன. இதுதான் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட், சுருக்கமாக ஜெல். மின்னணு நுண்ணோக்கியில் இந்தக் கட்டத்தைப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் முள்ளம்பன்றியைப் போலச் சிலிர்த்து நிற்கும். முட்கள் நீண்டு பக்கத்துத் துகளின் முட்களுக்கிடையே நுழைகின்றன. இடையிடையே கால்சியம் ஹைட்ராக்சைடு அறுகோணத் தகடுகளாக வளர்கிறது. 20 டிகிரியில் இந்த வேகம் எட்டிலிருந்து பத்து மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. வினையில் வெளிப்படும் வெப்பத்தை அளந்து இதைத் தெளிவாகக் காணலாம். அலைட் முழுதாக வினைபுரிந்தால் கிராமுக்கு ஏறக்குறைய 500 ஜூல் வெளிவிடும். உச்சத்துக்குப் பின் வேகம் தணிகிறது. ஜெல் உறை தடித்து, தண்ணீர் அதன் ஊடே ஊர்ந்துதான் உள்ளே இருக்கும் கனிமத்தை அடைய வேண்டியிருக்கிறது.

வினையில் கரைந்த ஒரு பங்கு சிமெண்டிலிருந்து, நுண்துளைகளையும் சேர்த்து, இரண்டு பங்குக்குச் சற்று அதிகமான ஜெல் உண்டாகிறது. தண்ணீர் பிடித்திருந்த இடத்தை நிரப்புவது இந்தப் பெருக்கம்தான். கால்வாசி சிமெண்ட் வினைபுரிந்தால் இடைவெளிகளில் சிறு பகுதிதான் நிரம்பியிருக்கும். அந்த நிலையிலும் கான்கிரீட் அசையாது, விரல் பதியாது, தட்டினால் திடப்பொருளின் ஓசை வரும். முட்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்பதற்கு மட்டுமே அந்த ஓசை சான்று. கைதேர்ந்த மேஸ்திரியையும் ஏமாற்றக்கூடிய கட்டம் இது.

குளிர் என்ன செய்கிறது

இதை என் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். ஒரே மூட்டைச் சிமெண்டை ஒரே தண்ணீரில் குழைத்து இரண்டு கிண்ணங்களில் பிரித்து ஊற்றினேன். காற்றுப் படாமல் மூடி, ஒன்றை மேசையிலும் மற்றொன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் வைத்தேன். மறுநாள் அதே நேரத்தில் இரண்டையும் எடுத்தேன். இரண்டும் ஒரே சாம்பல் நிறம், இரண்டையும் கவிழ்த்தாலும் அசையவில்லை. மேசைக் கிண்ணத்தில் ஆணியால் கீறினால் வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது. குளிர்ந்த கிண்ணத்தில் அதே ஆணி சவர்க்காரத்தில் இறங்குவதைப் போல இறங்கியது. கீறலின் ஓரம் ஈரப் பொடியாக உதிர்ந்தது. பார்வைக்கு எந்த வேறுபாடும் இல்லை. ஆணியை அழுத்திய விரலுக்குத்தான் அது தெரிந்தது.

வேதி வினைகளின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும் என்பது பள்ளிப் பாடம். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டின் தொடக்கநிலை நீரேற்றத்துக்குக் கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு 40,000 முதல் 45,000 ஜூல் என்று தரநிலைகள் எடுத்துக்கொள்கின்றன. இதை வைத்துக் கணக்கிட்டால், 8 டிகிரியில் வினையின் வேகம் 20 டிகிரியில் இருப்பதன் பாதிக்குச் சற்றுக் குறைவு. 8 டிகிரியில் கழிந்த 24 மணி நேரம், 20 டிகிரியில் கழிந்த பதினொன்றரை மணி நேரத்துக்குச் சமம்.

"பாதி நேரம் என்றால் பாதிப் பலமாவது இருக்குமே" என்று தோன்றலாம். இங்கேதான் கணக்கு வழுக்குகிறது. பலம் தொடங்குவது தண்ணீர் பட்ட கணத்திலிருந்து அல்ல, இறுகிய பிறகுதான். ஒரு கலவை 20 டிகிரியில் 5 மணி நேரத்தில் இறுகும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் மிச்சம் 19 மணி நேரம் பலம் சேர்க்கக் கிடைக்கிறது. அதே கலவை 8 டிகிரியில் இறுகவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மிச்சமுள்ள பதின்மூன்றரை மணி நேரமும் பாதி வேகத்தில் ஓடினால், 20 டிகிரிக் கணக்கில் அது ஆறரை மணி நேரம்தான். பத்தொன்பதுக்கு எதிரே ஆறரை. இழப்பு பாதியில் நிற்கவில்லை, மூன்றில் இரண்டு பங்காகிவிட்டது. அந்த ஆறரை மணி நேரமும் பலம் செங்குத்தாக ஏறும் கட்டத்தில் வருவதால், ஒரு மணி நேரம் முன்பின் ஆனாலும் பலம் பெரிதும் மாறிவிடும்.

எண்கள் என் உதாரணத்துக்கு உரியவை. வில்லோ ஐலண்ட் கலவையின் இறுகும் நேரத்தை நான் இங்கே ஊகிக்கவில்லை. ஆனால் வினையின் போக்கு அதுதான். அங்கே இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. பருமனான கான்கிரீட்டில் வினையின் சொந்த வெப்பம் உள்ளேயே தங்கி, வெளிக்குளிரை ஓரளவு ஈடுசெய்யும். கோபுரச் சுவர் மெல்லியது, இரு பக்கமும் காற்றுக்கு முகம் காட்டி நின்றது. அலைட் மெதுவாகக் கொடுத்த சூட்டையும் அதனால் சேர்த்து வைக்க முடியவில்லை. ஆய்வாளர்கள் அதே போன்ற கலவையை அந்த ஒரு நாளின் வெப்பநிலையில் வைத்துச் சோதித்துத்தான் பலத்தை மதிப்பிட்டார்கள்.

ஐந்து ஆண்டுக்கு முன்பே

என்னை மிகவும் வருத்துவது, இது முதல் எச்சரிக்கை அல்ல என்பது. 1973 மார்ச் 2 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடிக் கட்டடம் சரிந்து 14 பேர் இறந்தார்கள். 34 பேர் காயமடைந்தார்கள். 23-ஆவது மாடித் தளத்தின் முட்டுகளை நேரத்துக்கு முன் பிரித்ததே காரணம் என்று இதே பணியகம் கண்டது. அந்தத் தளத்துக்கு அப்போது நான்கு நாள் வயது. அந்த நாள்களின் சராசரி வெப்பநிலை 7 டிகிரி. மேலே சொன்ன கணக்கைப் போட்டால் நான்கு நாள் என்பது 20 டிகிரியின் இரண்டு நாளைக்கூடத் தொடாது. இரண்டு இடங்களிலும் நாள்காட்டியை எண்ணினார்கள், வெப்பமானியை எண்ணவில்லை.

நேரத்தையும் வெப்பநிலையையும் சேர்த்து எண்ணும் முறை அப்போதே இருந்தது. நீராவியால் பதப்படுத்தும் கான்கிரீட்டுக்காகப் பிரிட்டனில் நர்ஸ் என்பவர் 1949-இலும், சால் என்பவர் 1951-இலும் இதை முன்வைத்தார்கள். மைனஸ் 10 டிகிரிக்கு மேலுள்ள வெப்பநிலையை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் வருவது 'முதிர்ச்சி'. ஒரே கலவையின் இரு மாதிரிகள், வெவ்வேறு வெப்பநிலையில் வளர்ந்திருந்தாலும், ஒரே முதிர்ச்சியில் ஏறக்குறைய ஒரே பலம் கொண்டிருக்கும் என்றார் சால். 1977-இல் டென்மார்க்கின் ஃப்ரைஸ்லேபன் ஹான்சன், பெடர்சன் இருவரும் கிளர்வு ஆற்றலை அடிப்படையாகக் கொண்டு 'சமான வயது' என்ற துல்லியமான வடிவத்தை அளித்தார்கள். நான் மேலே போட்ட கணக்கு அவர்களுடையதே. வில்லோ ஐலண்டுக்குப் பிறகு பணியகத்தின் ஆய்வாளர்கள் இதை முனைப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1987-இல் அமெரிக்கத் தரநிலை அமைப்பு சி 1074 என்ற எண்ணில் முதிர்ச்சி முறைக்கான தரநிலையை வெளியிட்டது. இப்போது கான்கிரீட்டுக்குள் சிறு வெப்ப உணரி ஒன்றைப் புதைத்து விடுகிறார்கள். எந்த முதிர்ச்சிக்கு எவ்வளவு பலம் என்று ஆய்வகத்தில் அதே கலவைக்கு முன்பே வரைந்து வைத்த கோட்டுடன் ஒப்பிட்டு, பலகையைப் பிரிக்கலாமா என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சிமெண்ட் மாறினால் கோடு மாறும். பெலைட் அதிகமுள்ள சிமெண்டும், அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமெண்டும் குளிரில் இன்னும் அதிகம் பின்தங்கும். தண்ணீர் ஆவியாகிப் போன கான்கிரீட்டில் உணரி வெப்பநிலையைக் காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே வினை நின்றிருக்கும். தொடக்கத்தில் அதிகம் சூடான கான்கிரீட் முதல் நாளில் முந்தி ஓடினாலும் 28 நாளில் பின்தங்கிவிடும். அவசரத்தில் எழுந்த ஜெல் துகளை ஒட்டியே அடர்ந்து, இடைவெளிகளைச் சீராக நிரப்பாமல் விடுகிறது. அதனால் முக்கியமான இடங்களில் முதிர்ச்சிக் கணக்கோடு, அந்த இடத்திலேயே அதே குளிரில் வைத்த மாதிரிகளையும் உடைத்துப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தின் இளஞ்சூட்டில் வளர்ந்த மாதிரி, ஆற்றங்காற்றில் நிற்கும் சுவருக்குச் சாட்சி சொல்லாது.

குளிரை எதிர்கொள்ளும் வழிகள் எல்லாம் பழையவை: கலக்கும் தண்ணீரைச் சூடாக்குவது, பலகைகளைப் போர்த்துவது, அலைட்டை முடுக்கும் உப்புகளைச் சேர்ப்பது. கால்சியம் குளோரைடு நன்றாக முடுக்கும், ஆனால் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் கம்பி கட்டிய கான்கிரீட்டில் அதைத் தவிர்க்கிறார்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும், இன்னும் ஓரிரு நாள் பொறுத்திருப்பது எல்லோராலும் முடிந்த காரியம்.

28-ஆவது வட்டம் போனது. அதற்குக் கீழே இருந்த சுவர் நின்றது. அதுவும் அதே கோபுரம்தான், அதே குளிர்க்காற்று பட்டதுதான். அலைட் வேலை செய்வதற்கு மட்டும் அதற்கு இன்னும் சில நாள் கிடைத்திருந்தது.